வாசகர் கேள்வி – பதில்: பேட்டன் ரூஜ் நகரின் 15–0

சென்ற இதழில், "ஒரு தோல்வியும் இல்லாமல் ஒரு பருவத்தையே முடித்த விளையாட்டு அணிகளில் உங்கள் மனத்தில் நிற்பது எது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 2019-ஆம் ஆண்டின் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணி என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரி போதாது என்று கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. எனவே இந்த முறை பகுதி முழுவதையும் அந்த அணிக்கே விட்டுக்கொடுத்துவிட்டேன். அவர்களுடைய ஊர்தான் பேட்டன் ரூஜ்; தலைப்பில் உள்ள 15–0 என்பது 15 வெற்றி, தோல்வி இல்லை என்ற கணக்கு. பெயர் நீளமாக இருப்பதால், அமெரிக்கர்கள் சொல்வதைப் போலவே இனி எல்.எஸ்.யு. என்றே எழுதுகிறேன்.

கேள்வி: கால்பந்து என்கிறீர்கள், படத்தில் பார்த்தால் எல்லோரும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். முதலில் ஆட்டத்தைப் புரிய வையுங்களேன்.

பதில்: நியாயமான கேள்வி. அந்த ஆட்டத்தில் கால் பந்தைத் தொடுவது அபூர்வம்தான். மைதானம் 100 கெஜம் நீளம். பக்கத்துக்கு 11 பேர். கால் மணி நேரம் வீதம் நான்கு பகுதிகள். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் தரப்படும். அவற்றுக்குள் 10 கெஜமாவது முன்னேறினால் மீண்டும் புதிதாக நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். மூன்று வாய்ப்புகள் வீணான பின் பெரும்பாலும் நான்காவதை எடுத்துப் பார்க்காமல், பந்தைத் தொலைவாக உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவார்கள். எதிரியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோனால் அது டச்டவுன், 6 புள்ளிகள். அதன் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மேலும் 1, அல்லது இன்னொரு முறை எல்லைக்குள் நுழைந்தால் மேலும் 2. டச்டவுன் எட்டாத தூரத்தில் நின்றுவிட்டால் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளிகளோடு திருப்தி அடையலாம். அது ஃபீல்ட் கோல்.

தாக்குபவர்கள் 11 பேர், தடுப்பவர்கள் வேறு 11 பேர்; பந்து கை மாறும்போது ஆட்களும் மாறிவிடுவார்கள். தாக்குபவர்களின் நடுவில் நிற்கும் குவார்ட்டர்பேக் என்பவர்தான் பந்தை யாரிடம் தருவது, யாருக்கு வீசுவது என்று முடிவு செய்பவர். அந்த முடிவுக்கு அவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று விநாடிகள். அதுவும் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள நான்கைந்து பேர் தன்னைச் சாய்க்கப் பாய்ந்து வந்துகொண்டிருக்கும்போது. இந்தப் பதிலில் வேறெது மறந்தாலும் இதை மட்டும் நினைவில் வையுங்கள். பின்னால் வருவதெல்லாம் அந்த இரண்டு மூன்று விநாடிகளைப் பற்றியதுதான்.

கேள்வி: தோல்வி காணாத அணிகள் எத்தனையோ உண்டு. இதில் அப்படி என்ன விசேஷம்?

பதில்: எதிரிகளைப் பாருங்கள். 2019 பருவம் தொடங்குவதற்கு முன் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட தரவரிசையில் முதல் நான்கு இடங்களில் இருந்தவை கிளெம்சன், அலபாமா, ஜார்ஜியா, ஒக்லஹோமா. எல்.எஸ்.யு. ஆறாவது இடத்தில் இருந்தது. பருவம் முடிவதற்குள் அந்த நான்கையுமே எல்.எஸ்.யு. தோற்கடித்துவிட்டது. மோதும் வேளையில் முதல் பத்து இடங்களுக்குள் இருந்த அணிகள் என்று எண்ணினால் ஏழு பேரை வென்றிருக்கிறது. எளிய எதிரிகளை வரிசையாக நிறுத்திச் சேர்த்த 15–0 அல்ல அது.

எண்களில் ஆர்வமுள்ளவர்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். எல்.எஸ்.யு. எடுத்த புள்ளிகள் ஆட்ட வரிசைப்படி இவை: 55, 45, 65, 66, 42, 42, 36, 23, 46, 58, 56, 50, 37, 63, 42. கூட்டினால் 726 வரும். ஆட்டத்துக்குச் சராசரி 48.4. கல்லூரிக் கால்பந்தின் மேல்மட்டப் பிரிவில் ஒரு பருவத்தில் அதுவரை எந்த அணியும் அத்தனை புள்ளிகள் எடுத்ததில்லை. ஆனால் எனக்கு இந்த அணி பிடித்திருப்பதற்குக் காரணம் இந்தக் கூட்டல் கணக்கு அல்ல. ஐம்பது அறுபது ஆண்டுகளாக ஒரே விதமாக ஆடிப் பழகிய ஓர் ஊர், அந்தப் பழக்கம் இனி உதவாது என்று ஒத்துக்கொண்டு, ஒரே ஆண்டில் தன் ஆட்டத்தைத் தலைகீழாக மாற்றிக்கொண்டதுதான் காரணம். அடுத்த கேள்வி அதைத்தான் கேட்கிறது.

கேள்வி: அலபாமாவிடம் தொடர்ந்து எட்டு முறை தோற்ற அணி இது என்று படித்தேன். திடீரென்று எப்படி வென்றது?

பதில்: எட்டு என்பது சரியான கணக்கு. கதையை 2011 நவம்பரிலிருந்து தொடங்க வேண்டும். அன்று நாட்டின் முதலிடத்தில் எல்.எஸ்.யு., இரண்டாமிடத்தில் அலபாமா. கூடுதல் நேரம் வரை போன அந்த ஆட்டத்தில் எல்.எஸ்.யு. 9–6 என்று வென்றது. இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு டச்டவுன்கூட இல்லை; வந்த 15 புள்ளிகளும் ஃபீல்ட் கோல்களாகவே வந்தன. அதை ஒரு மாபெரும் ஆட்டம் என்று இன்றும் கொண்டாடுபவர்கள் உண்டு; நான் அந்தக் கட்சி அல்ல. இரண்டு மாதங்களில், 2012 ஜனவரியில், அதே இரண்டு அணிகளும் இறுதிப் போட்டியில் மோதின. இடம் நியூ ஆர்லியன்ஸ், அதாவது எல்.எஸ்.யு.வின் சொந்த மாநிலம். முடிவு 21–0. எல்.எஸ்.யு. ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

அந்த இரவு சொன்ன செய்தியைக் கேட்டுக்கொள்ள அந்தக் கல்லூரிக்கு ஏழு ஆண்டுகள் பிடித்தன. வலுவான தடுப்பு, பந்தைக் கையில் கொடுத்து நடுவில் முட்டி மோதி ஓடுவது, வேறு வழியே இல்லாதபோது மட்டும் வீசுவது என்பது அவர்களுடைய பரம்பரை முறை. அலபாமாவும் அதே முறையில்தான் வளர்ந்தது. ஆனால் அவர்களுடைய பயிற்சியாளர் நிக் சேபன், காலம் மாறுவதைப் பார்த்துத் தன் தாக்குதலை வீச்சுப் பக்கம் திருப்பிக்கொண்டுவிட்டார். எல்.எஸ்.யு. திருப்பவில்லை. 2016-இல் 10–0, 2018-இல் 29–0 என்று, சொந்த மைதானத்திலேயே புள்ளியே இல்லாமல் தோற்றது. சேபன் ஒரு காலத்தில் எல்.எஸ்.யு.வுக்கே பயிற்சியளித்து 2003-இல் பட்டம் வாங்கித் தந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த ஊர்க்காரர்களின் எரிச்சல் புரியும்.

2018 பருவம் முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளர் எட் ஓர்ஜெரான், நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியில் சிறிய பொறுப்பில் இருந்த ஜோ பிரேடி என்ற இளைஞரை அழைத்து வந்தார். பிரேடிக்கு அப்போது வயது 29. தாக்குதல் பிரிவின் தலைவராக இருந்த ஸ்டீவ் என்ஸ்மிங்கர் அவரைவிட முப்பது வயதுக்கு மேல் மூத்தவர். அதே கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடியவர். இப்படி ஒரு சிறுவனைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைத்தால் நம்மில் எத்தனை பேர் சிரித்த முகத்தோடு இடம் விடுவோம்? என்ஸ்மிங்கர் விட்டார். இந்தப் பருவத்தின் முதல் வெற்றி அதுதான் என்பது என் எண்ணம்.

பிரேடி கொண்டுவந்தது மந்திரம் ஒன்றும் இல்லை. பந்தைப் பிடிக்கக்கூடிய ஐந்து பேரை மைதானத்தின் முழு அகலத்துக்கும் பரப்பி நிறுத்துவது. குவார்ட்டர்பேக்கின் பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள்கூட இல்லாமல் விட்டுவிடுவது. ஒவ்வொரு வாய்ப்புக்கும் நடுவே கூடி நின்று பேசாமல் வேகமாக அடுத்ததைத் தொடங்குவது. இப்படிப் பரப்பினால் தடுப்பவர்களும் பரந்து நிற்க வேண்டியிருக்கும். எங்கோ ஓரிடத்தில் ஒருவர் தனியாக நின்றே ஆக வேண்டும். அந்த ஓரிடத்தை இரண்டு விநாடிக்குள் கண்டுபிடிக்க ஒருவர் வேண்டும். கண்டுபிடித்த இடத்துக்கு ஓடிப் பிடிக்கச் சிலர் வேண்டும். ஜமார் சேஸ், ஜஸ்டின் ஜெஃபர்சன், டெரஸ் மார்ஷல் என்று பிடிப்பவர்கள் தயாராக இருந்தார்கள்.

2019 நவம்பர் 9 அன்று அலபாமாவின் சொந்த மைதானத்தில் பாதி ஆட்டம் முடிந்தபோது எல்.எஸ்.யு. 33–13 என்று முன்னிலையில் இருந்தது. முடிவு 46–41. கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் என்ற குள்ளமான ஓட்டக்காரர் மட்டும் நான்கு டச்டவுன்கள் எடுத்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன் இரண்டு அணிகளும் சேர்ந்து 15 புள்ளிகள் எடுத்த அதே போட்டியில் இப்போது 87 புள்ளிகள்.

கேள்வி: இந்த அணியின் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவை இன்று தொழில்முறை ஆட்டத்தில் பார்க்கிறோம். கல்லூரியில் ஓரம் கட்டப்பட்டவர் என்பது உண்மையா?

பதில்: ஓரம் கட்டப்பட்டவர் என்பதைவிட, வரிசையில் நின்று நின்று சலித்தவர் என்பது பொருத்தம். ஒஹாயோ மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் ஏதென்ஸ் மாவட்டத்தில் வளர்ந்தவர். தந்தையே ஒரு கல்லூரி அணியின் தடுப்புப் பயிற்சியாளராக இருந்தவர். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் மாற்று வீரராகவே இருந்தார். மூன்றே ஆண்டில் பட்டப்படிப்பை முடித்துவிட்டதால், அன்றைய விதியின்படி வேறு கல்லூரிக்குப் போய் உடனே ஆட அவருக்கு உரிமை கிடைத்தது. பட்டம் பெறாதவர் மாறினால் அப்போது ஓராண்டு வெளியே உட்கார வேண்டியிருந்தது. 2018-இல் எல்.எஸ்.யு.வுக்கு வந்தார்.

வந்த உடனே வெளிச்சம் விழுந்துவிடவில்லை. முதல் ஆண்டில் 16 டச்டவுன் வீச்சுகள். சுமார் என்று சொல்லத்தக்க ஆட்டம். இரண்டாம் ஆண்டில் அதே கைதான் 60 வீசியது, 5,671 கெஜம், 527 வீச்சில் 402 சரியாகச் சேர்ந்தன, அதாவது நூற்றுக்கு 76.3. எதிரி பறித்தவை ஆறு மட்டுமே. 60 என்பதும் 76.3 என்பதும் அன்றைக்குச் சாதனைகள். பின்னர் வந்தவர்கள் இரண்டையும் தாண்டிவிட்டார்கள். கல்லூரி ஆட்டக்காரர்களுக்கான மிக உயர்ந்த விருதான ஹைஸ்மன் கோப்பை வாக்கெடுப்பில் இரண்டாம் இடத்தில் வந்த ஒக்லஹோமாவின் ஜேலன் ஹர்ட்ஸைவிட 1,846 புள்ளிகள் அதிகம் பெற்றார்; அந்தக் கோப்பையின் வரலாற்றில் அதற்கு முன் அவ்வளவு பெரிய இடைவெளி இருந்ததில்லை.

அந்த மேடையில் அவர் பேசியதையும் சொல்ல வேண்டும். ஏதென்ஸ் மாவட்டம் வறுமை மிகுந்தது. பள்ளி விட்டு வீடு திரும்பினால் சாப்பாட்டு மேசையில் உணவு இல்லாத பிள்ளைகள் அங்கே உண்டு. அவர்களுக்காகவும்தான் இங்கே நிற்கிறேன் என்று கண்ணீரோடு சொன்னார். அதைக் கேட்ட உள்ளூர்க்காரர் ஒருவர் அந்த மாவட்டத்தின் இலவச உணவு வழங்கும் அமைப்புக்காக இணையத்தில் நன்கொடை திரட்டத் தொடங்க, நாட்கணக்கில் 5 லட்சம் டாலர் அளவுக்குச் சேர்ந்துவிட்டது.

கேள்வி: பயிற்சியாளர் ஓர்ஜெரான் எப்படிப்பட்டவர்?

பதில்: லூயிசியானாவின் தெற்கே, பேயு என்று அவர்கள் சொல்லும் கழிமுக நீரோடைகளின் ஓரத்தில் லரோஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். கரகரத்த குரல். இளைஞராக எல்.எஸ்.யு. அணியில் சேர்ந்து, பிடிக்காமல் சீக்கிரமே வெளியேறி, நார்த்வெஸ்டர்ன் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரிக்குப் போனார். 2019-இன் மூன்றாவது ஆட்டத்தில் 65–14 என்று அடிவாங்கியது அந்தச் சிறிய கல்லூரிதான். தாய்வீட்டுக்குச் செய்த மரியாதை என்று வைத்துக்கொள்ளலாம்.

தலைமைப் பயிற்சியாளராக அவருடைய முதல் வாய்ப்பு மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில். மூன்று ஆண்டுகளில் 10 வெற்றி, 25 தோல்வி, வேலை போயிற்று. 2013-இல் தென் கலிஃபோர்னியாவில் இடைக்காலப் பயிற்சியாளராக எட்டு ஆட்டங்களில் ஆறை வென்றும் நிரந்தரப் பதவி தரவில்லை. எல்.எஸ்.யு.விலும் 2016-இல் இடைக்காலமாகத்தான் நுழைந்தார். பெரிய பெயர்கள் கிடைக்காததால் உள்ளூர்க்காரருக்குக் கொடுத்தார்கள் என்று அப்போது முணுமுணுத்தவர்கள் நிறையப் பேர். நுணுக்கங்களில் தன்னைவிட வல்லவர்களைக் கொண்டுவந்து, அவர்கள் வேலையில் தலையிடாமல் இருந்தது அவருடைய திறமை. தலைமைப் பதவியில் இருப்பவர்களிடம் அதைவிட அரிதான குணம் எதையும் நான் கண்டதில்லை.

கேள்வி: இறுதிப் போட்டியில் ஆடிய இரண்டு அணிகளுக்கும் "டைகர்ஸ்" என்றே பெயரா? குழப்பம் வராதா?

பதில்: இரண்டும் புலிகள்தான். இரண்டு மைதானங்களுக்கும் "டெத் வேலி" என்றுதான் பட்டப்பெயரும். இறுதியில் எதிரே நின்ற கிளெம்சன் ஆரஞ்சு, எல்.எஸ்.யு. ஊதாவும் பொன்னிறமும். அதை வைத்துப் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். எல்.எஸ்.யு. வளாகத்தில் மைக் என்ற உயிருள்ள புலியே இருக்கிறது, ஏழாவது மைக்.

கேள்வி: எந்த ஆட்டத்திலும் தடுமாறவில்லையா?

பதில்: தடுமாறியது. மேலே கொடுத்த பட்டியலில் 23 என்று தனியாக ஓர் எண் நிற்கிறதே, அது ஆபர்ன் அணிக்கு எதிரான ஆட்டம். மற்றவர்கள் பந்தை வீசுபவரை நெருக்கப் பார்த்துத் தோற்றார்கள். ஆபர்ன் முன்வரிசையில் மூன்று பேரை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவர்களைப் பின்னால் இழுத்துப் பிடிப்பவர்களைச் சூழ்ந்துகொண்டது. 23–20 என்று தப்பித்தார்கள். இதே உபாயத்தை எல்லோரும் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள்; முன்வரிசையில் மூன்று பேரை வைத்துக்கொண்டே மிரட்டுவதற்கு ஆபர்னிடம் இருந்ததைப் போன்ற முரட்டு ஆட்கள் வேண்டும்.

தடுப்புப் பிரிவும் விமர்சனத்துக்குத் தப்பவில்லை. வாண்டர்பில்ட்டுக்கு 38, மிசிசிப்பிக்கு 37 என்று சாதாரண அணிகளுக்கே அள்ளிக் கொடுத்தது. பருவத்தின் கடைசியில்தான் விழித்துக்கொண்டது. முந்தைய ஆண்டு ஏழு கூடுதல் பகுதிகள் வரை இழுத்து 74–72 என்று தங்களைத் தோற்கடித்த டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியை 50–7 என்றும், தென்கிழக்கு மாநாடு என்ற தங்கள் கல்லூரி லீக்கின் இறுதியில் ஜார்ஜியாவை 37–10 என்றும் வென்றார்கள்.

கேள்வி: நாட்டின் சாம்பியன் யார் என்று தீர்மானிப்பது யார்?

பதில்: பல காலம் யாரும் தீர்மானிக்கவில்லை என்பதே விடை. பத்திரிகையாளர்களின் வாக்கெடுப்பு ஒரு பெயரைச் சொல்லும், பயிற்சியாளர்களின் வாக்கெடுப்பு இன்னொன்றைச் சொல்லும். 1998-இலிருந்து முதல் இரண்டு இடங்களில் உள்ள அணிகளை மோதவிடும் ஏற்பாடு வந்தது. ஆனாலும் 2003-இல் எல்.எஸ்.யு. அந்த மோதலில் வென்று பட்டம் பெற, பத்திரிகையாளர்கள் தென் கலிஃபோர்னியாவைத் தங்கள் சாம்பியனாக அறிவித்தார்கள். 2014 பருவத்திலிருந்து 13 பேர் குழு தேர்ந்தெடுக்கும் நான்கு அணிகள் அரையிறுதி, இறுதி என்று ஆடின. 2024 முதல் அது 12 அணிகளாகிவிட்டது. எல்.எஸ்.யு.வின் 2019 பட்டம் நான்கு அணி முறையில் வந்தது. 1958, 2003, 2007 ஆண்டுகளை அடுத்து அவர்களுக்கு அது நான்காவது.

கேள்வி: அரையிறுதியன்று ஒரு துயரம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன்.

பதில்: 2019 டிசம்பர் 28. அட்லாண்டாவில் ஒக்லஹோமாவுடன் பீச் பவுல் என்ற பெயரில் நடந்த அரையிறுதி. அந்த ஆட்டத்தைப் பார்ப்பதற்காக லூயிசியானாவின் லாஃபயட்டிலிருந்து புறப்பட்ட சிறிய விமானம் கிளம்பிய சில நிமிடங்களில் விழுந்தது. இறந்தவர்களில் ஒருவர் ஸ்டீவ் என்ஸ்மிங்கரின் மருமகள், விளையாட்டுச் செய்தியாளர். ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு, மைதானத்தில் வைத்து, ஓர்ஜெரான்தான் அந்தச் செய்தியை அவரிடம் சொன்னார்.

என்ஸ்மிங்கர் வீட்டுக்குப் போகவில்லை. மேலே பயிற்சியாளர் அறையில் தன் வழக்கமான இடத்தில் அமர்ந்து தாக்குதலை நடத்தினார். பாதி ஆட்டத்துக்குள் பர்ரோ ஏழு டச்டவுன்கள் வீசியிருந்தார், ஸ்கோர் 49–14. முடிவு 63–28. ஜெஃபர்சன் மட்டும் அந்த ஏழில் நான்கைப் பிடித்தார். சாதனைப் புத்தகத்தில் அந்த எண்கள்தான் இருக்கும். மேலேயிருந்து ஒவ்வொரு ஆட்டத்தையும் தேர்ந்தெடுத்துச் சொன்னவர் அன்று எந்த நிலையில் இருந்தார் என்பதை அந்தப் புத்தகம் சொல்லாது.

கேள்வி: இறுதிப் போட்டியைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்: 2020 ஜனவரி 13, நியூ ஆர்லியன்ஸ், 21–0 என்று அவமானப்பட்ட அதே சூப்பர்டோம். எதிரே நடப்புச் சாம்பியன் கிளெம்சன். தொடர்ந்து 29 வெற்றிகளோடு வந்தவர்கள். அவர்களுடைய குவார்ட்டர்பேக் டிரெவர் லாரன்ஸ், கல்லூரியில் தொடக்க வீரராக இறங்கிய ஓர் ஆட்டத்திலும் அதுவரை தோற்றதில்லை. இரண்டாம் பகுதியில் கிளெம்சன் 17–7 என்று முந்தியபோது அரங்கம் அடங்கிவிட்டது. அதன் பிறகு பாதி நேரத்துக்குள் மூன்று டச்டவுன்கள், 28–17. மூன்றாம் பகுதியில் கிளெம்சன் 28–25 வரை நெருங்கி வந்தது, அத்தோடு சரி. 42–25. பர்ரோ 463 கெஜம் வீசினார், ஐந்து டச்டவுன்கள், ஓடி எடுத்தது ஒன்று. சேஸ் பிடித்தது 221 கெஜம். அவரைக் காவல் காத்தவர் பின்னாளில் தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் தேர்வின் முதல் சுற்றிலேயே போன ஆள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கேள்வி: இவ்வளவுக்கும் அந்த மாணவர்களுக்குக் கிடைத்த ஊதியம் என்ன?

பதில்: கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, கைச்செலவுக்குச் சிறு தொகை. ஊதியம் என்று எதுவும் இல்லை. அதே பருவத்தில் ஓர்ஜெரானின் சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டாலர். இறுதிப் போட்டி முடிந்த சூட்டில், அந்தக் கல்லூரியின் முன்னாள் வீரர் ஒருவர் மைதானத்திலேயே சில ஆட்டக்காரர்களின் கையில் ரொக்கத்தைத் திணித்தது பெரிய சர்ச்சையாகி, விதிமீறல் என்று விசாரணை வரை போனது. பல்லாயிரம் பேர் காசு கொடுத்து வந்து பார்க்கும் ஆட்டத்தில், அதை ஆடியவன் கையில் சில நோட்டுகள் இருப்பது குற்றம் என்ற அந்த விதியை என்னால் ஒருநாளும் ஏற்க முடிந்ததில்லை. 2021 ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்கலாம் என்றாயிற்று. 2025 முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரவும் வழி பிறந்துவிட்டது. 2019 அணியில் இருந்தவர்களுக்கு இதில் எதுவும் கிட்டவில்லை.

கேள்வி: எக்காலத்திலும் சிறந்த கல்லூரி அணி இதுதானா?

பதில்: தாக்குதலை மட்டும் எடுத்தால் ஆம் என்பேன். முழு அணியாக எடுத்தால் 2001-ஆம் ஆண்டின் மயாமி அணிக்கே என் வாக்கு. 12 ஆட்டங்களில் 512 புள்ளிகள் எடுத்து 117 மட்டுமே கொடுத்தவர்கள், அந்தப் பட்டியலிலிருந்து 38 பேர் தொழில்முறை அணிகளுக்குத் தேர்வானார்கள். 1995 நெப்ராஸ்கா என்று சொல்பவர்களோடும் சண்டைக்கு நிற்க மாட்டேன்.

கேள்வி: மறு ஆண்டு என்ன ஆயிற்று?

பதில்: கலைந்துவிட்டது. 2020 தேர்வில் அந்த ஓர் அணியிலிருந்து 14 பேர் தொழில்முறைக்குப் போனார்கள்; பர்ரோ முதல் ஆளாக சின்சினாட்டிக்கு. பிரேடி கரோலினா தொழில்முறை அணிக்கும், தடுப்புப் பிரிவின் தலைவர் பேய்லர் பல்கலைக்கழகத்துக்கும் போய்விட்டார்கள். சேஸ் அந்தப் பருவம் ஆடவில்லை. முதல் ஆட்டத்தில், சொந்த மைதானத்தில், மிசிசிப்பி ஸ்டேட் அணியின் குவார்ட்டர்பேக் 623 கெஜம் வீசி அந்த மாநாட்டுக்கே புதிய சாதனை படைத்தார்; 44–34 தோல்வி. பருவ முடிவில் 5 வெற்றி, 5 தோல்வி. 2021 அக்டோபரில், பட்டம் வென்று இரண்டு ஆண்டுகூட நிறையாத நிலையில், ஓர்ஜெரானுக்குச் சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர் கொடுத்து விடைகொடுக்க ஏற்பாடாயிற்று.

இதை வீழ்ச்சி என்று பலரும் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல்லூரி அணி என்பது வகுப்பறையைப் போன்றது. அதே முகங்கள் மறு ஆண்டு இருக்கமாட்டா. ஓர் இளைஞர் கூட்டமும் ஒரு முதியவரும் ஒரு புது யோசனையும் ஒரே ஆண்டில் ஒரே இடத்தில் சேர்ந்தன என்பதுதான் இங்கே நடந்தது. அவை பிரிந்ததில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

கேள்வி: முழு ஆட்டங்களையும் பார்க்க நேரமில்லை. ஒரே ஒரு காட்சியைப் பார்க்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

பதில்: கோப்பையைத் தூக்கும் காட்சியை விட்டுவிடுங்கள். 2019 செப்டம்பர் 7, ஆஸ்டின் நகரில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி மூன்று நிமிடங்களைத் தேடி எடுங்கள். எல்.எஸ்.யு. 37–31 என்று முன்னிலை. தங்கள் பக்கத்து 39-ஆவது கெஜக் கோட்டில் பந்து; மூன்றாவது வாய்ப்பு; 17 கெஜம் மிச்சம். பழைய எல்.எஸ்.யு. இந்த இடத்தில் என்ன செய்யும் என்பது அரங்கில் இருந்த எல்லோருக்கும் தெரியும்: ஓட்டக்காரரின் கையில் பந்தைக் கொடுத்து, கடிகாரத்தில் அரை நிமிடத்தைத் தின்று, பிறகு பந்தை உதைத்துக் கொடுத்துவிட்டுத் தடுப்பவர்களை நம்பி உட்காரும்.

பர்ரோ வீசுவதற்காகப் பின்வாங்குகிறார். டெக்சாஸ் கூடுதல் ஆட்களை அனுப்பி நெருக்குகிறது. அவர் கால்களைப் பாருங்கள். ஓடவில்லை, பதறவில்லை, நெருக்கத்துக்குள்ளேயே சிறிது நகர்ந்து இடம் எடுத்துக்கொண்டு, அந்த இடம் மூடுவதற்குள் பந்தை விட்டுவிடுகிறார். ஜெஃபர்சன் ஓட்டத்திலேயே அதைப் பிடித்து, நிற்காமல் எல்லைக்குள் போகிறார், 61 கெஜம். கூடுதல் 2 புள்ளிகளும் சேர்ந்து 45–31. டெக்சாஸ் விடாமல் இன்னொரு டச்டவுன் எடுத்தது; அதற்குள் நேரம் தீர்ந்துவிட்டது. எல்.எஸ்.யு. 7 புள்ளிகள் வித்தியாசத்தில் வென்ற ஆட்டம் அது. உதைத்துக் கொடுத்திருக்க வேண்டிய அந்த ஒரு பந்தில் வந்தவை 8.